விட்டுப்போன ஓர் ‘இல்லை’

என் பழைய தட்டச்சுப் பொறியின் மூடிக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன். ஒரு கணித ஆய்வேட்டின் முதல் பக்கம் அது. பிழையான பக்கம். பிழை என்னுடையது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஆய்வேட்டைக் கொண்டுவந்த அக்கா, கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் பொறியில் கணிதக் குறிகள் கிடையாது. நான் இடம் விட்டுக்கொண்டே போவேன். அவர் அருகில் உட்கார்ந்து கறுப்பு மையால் நிரப்புவார். அப்போதெல்லாம் நார்வே நாட்டுக் கணித மேதை ஒருவரின் கதைதான். ஊரில் இருக்கும் பங்காளியைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாதிரியார் மகன். தகப்பன் போனபின் குடும்பப் பாரம் இவர் தலையில். பள்ளியில் படிக்கும்போதே, ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குச் சூத்திரம் கண்டுவிட்டதாக நினைத்தார். எண்களைப் போட்டுப் பார்த்தால் உதைத்தது. வேறொருவராக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். இவரோ சில ஆண்டுகளில், அப்படியொரு பொதுச் சூத்திரம் இருக்கவே முடியாது என்று நிரூபித்தார். அச்சுக்கூலிக்கு வழியில்லாமல் ஆறே பக்கமாகச் சுருக்கியதால் பெரிய மனிதர்கள் கண்டுகொள்ளவில்லை. இருபத்தாறு வயதில் காசநோய் கொண்டுபோனது. வேலை கிடைத்திருப்பதாகக் கடிதம் அதற்குப் பிறகு வந்தது. இந்த இடத்தில் மட்டும் அக்கா பேனாவை மூடிவிடுவார்.

அக்காவும் ஒரு விடையைத் தேடித்தான் தொடங்கினார். ஐந்தாம் ஆண்டில்தான், விடை இல்லை என்பதே விடை என்று தெரிந்தது. குறித்த நாளுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால், பெண் வேலைக்குப் போகக் கூடாது என்ற மேலூர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் ‘இல்லை’ என்று சொல்லவிட மாட்டார்கள். ‘நிறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வளர்ப்பில் வந்த என் கை, ஆங்கிலத் தலைப்பின் தொடக்கத்தில் இருந்த ‘நோ’வைக் கண்டு தயங்கியது. முதல் பக்கத்திலேயே பஞ்சப்பாட்டா? அக்கா கைதவறி எழுதியிருப்பார் என்று நானே முடிவுகட்டி, அதை விட்டுவிட்டேன். கடைசி நாள் காலை, பைண்டிங்குக்குப் போகும் நேரத்தில் அவர் பார்த்தார். அவர் இல்லை என்று நிரூபித்ததை நான் இருக்கிறது என்று ஆக்கியிருந்தேன்.

அவர் திட்டவில்லை. “இந்த ஒத்த ‘இல்ல’யச் சொல்லத்தாண்டி எனக்கு அஞ்சு வருசமாச்சு,” என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. அழுதுகொண்டே புதிதாக அடித்துக் கொடுத்தேன். மாலைக்குள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

சில வாரங்கள் கழித்து அக்காவின் அப்பா சென்டருக்கு வந்தார். இத்தனை வருடம் படித்து மகள் என்னதான் கண்டுபிடித்தாள் என்று கேட்டார். விடை இல்லை என்று கண்டுபிடித்தார் என்றேன். அதற்கா இம்புட்டுப் படிப்பு என்று சிரிப்பார் என நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மாப்ள வீட்டாளுக மறுபடி வந்தாகம்மா. எம்பொண்ணு முடியாதுன்னு ஒத்த வார்த்தைதான் சொல்லுச்சு. வந்தவுக எந்திரிச்சுப் போயிட்டாக.”

இப்போது கணினியில் எல்லாக் குறிகளும் இருக்கின்றன. அரிசி தீர்ந்தால் நான் இன்றும் ‘நிறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்கிறேன். ஆனால் போன மாதம், என் கடைசி மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். மகள் என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பொறியின் மூடியைத் திறந்து, அந்தத் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, அதில் நான் விட்டிருந்த சொல்லைச் சொன்னேன்.