பதினாலு பாகம்

குளச்சல் துறைமுகக் கிடங்கில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு கப்பல்காரர் விட்டுப்போன கடல் படம் என்னிடம் இருந்தது. ஆழமெல்லாம் அதில் பாகக் கணக்கில் அச்சிட்டிருக்கும். இரு கையை விரித்தால் ஒரு பாகம். முப்பதுகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் பதினாலு. அங்கே பாறை இருக்கும், பாறையைச் சுற்றிக் கலவா மீன் கிடக்கும் என்று கணக்குப் போட்டு, ஒரு கட்டுமரக்காரரோடு கிளம்பினேன்.

அவருக்கு ஒட்டிய கன்னம், உப்பேறிய புருவம். ஆழம் பார்க்கக் கயிற்றில் கட்டி இறக்கும் ஈயக்குண்டைத் தூக்கும்போதெல்லாம் அடியில் ஒட்டிய மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார். படத்திலிருந்த மலையையும் கோபுரத்தையும் கரையில் பார்த்து நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் குண்டை இறக்கினார். பதினாலு பாகம்.

மண்ணை நாக்கில் வைத்தவர் துப்பவில்லை. முகம் கறுத்துவிட்டது.

"இது எங்க அப்பன் கண்ட மீன் மடை, மீன் கூடுத பாறை. சாவக் கெடக்கும்ப எனக்கு மட்டும் சொன்னாரு. எங்க அண்ணனுக்கே தெரியாது. ஒமக்கு யாரு சொன்னா?"

"இந்தப் படத்தில் போட்டிருக்கிறது."

குண்டைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "ஒமக்கு நீந்தத் தெரியுமா, சாரே?"

தெரியாது. படத்தை அவரிடம் நீட்டினேன். ஈரப் பெருவிரலால் அந்த எண்ணைத் தேய்த்தார், தாளில் ஓட்டை விழும்வரை. பிறகு படத்தைத் திருப்பித் தந்துவிட்டுக் கரைக்குத் துடுப்புப் போட்டார்.

இதே படம் எத்தனையோ கப்பல்களில் உண்டு என்று அவரிடம் நான் சொல்லவில்லை. ஓட்டையைப் பார்த்துக் கேட்பவர்களிடம், பூச்சி அரித்துவிட்டது என்கிறேன்.