பொறுக்கித் தீர்த்த மேடு

வயல்வெளி பம்ப்செட்டுகளின் மீட்டர்களைக் கணக்கெடுக்கும் அந்த மின் ஊழியருக்கு ஊர் வைத்த பெயர் 'குனிஞ்ச தலை'. "கட்டின பொண்டாட்டி மொகத்தவிட மண்ணோட மொகத்ததான் இவரு அதிகம் பாத்திருக்காரு" என்பாள் மனைவி. பொய்யில்லை.

வயலைப் பார்த்தால் அவர் கண்ணுக்கு விளைச்சல் தெரியாது, ஆறு தெரியும். ஆறு இப்போது எங்கோ தள்ளி ஓடுகிறது. அதன் பழைய வளைவு மட்டும் வயல்களுக்கு நடுவே ஈரம் காயாத கருத்த பட்டையாகக் கிடக்கிறது. வளைவுக்குள் இடுப்பளவுகூட உயரமில்லாத ஒரு மேடு. தண்ணீருக்குப் பக்கம், வெள்ளத்துக்குத் தள்ளி. ஆதிமனிதன் உட்கார வேறெங்கே போவான்?

உழுதபின் ஒரு மழை பெய்ய வேண்டும். மழை மண்ணைக் கரைத்துவிட்டுக் கல்லை மேலே நிறுத்திப் போகும். காலை வெயில் சாய்வாக விழும்போது சூரியனைப் பார்த்து நடந்தால், கல்லின் உடைத்த முகம் பளிச்சென்று மின்னிக் காட்டிக்கொடுக்கும். களிமண் நிலத்தில் மலைக்கல்லுக்கு என்ன வேலை? யாராவது தூக்கி வந்தால்தான் உண்டு. எடுத்துத் திருப்பினால் ஓரமெல்லாம் தட்டிச் செதுக்கிய தடம். அளவெடுத்ததுபோல் உள்ளங்கையில் உட்காரும் கைக்கோடரி.

இருபது வருடமாக அந்த மேட்டில் கிடைத்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிரஷ் போட்டுக் கழுவினார். சாக்கில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

மேடு அக்கா வீட்டுக்காரருக்குச் சொந்தம். கிடங்கு கட்டும் கம்பெனிக்கு அதை விலைபேசிவிட்டார். மேட்டை வெட்டிச் சமப்படுத்தப் போகிறார்கள்.

"அத்தான், லட்சக்கணக்கான வருஷத்து எடம். அத மட்டும் விட்ருங்க."

"அவன் லட்சக்கணக்குல குடுக்கறான். அத எப்படிடா விடறது?"

தொல்லியல் துறைக்கு மனுப்போட்டார். கிரயம் நின்றது. "கூடப் பொறந்தவன்னு நெனச்சேன். கல்லோட பொறந்தவன்னு இப்பதான தெரியுது" என்று சொன்ன அக்கா, அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி ஆட்களோடு வந்தார். கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகத் தேடினார்கள். குழி வெட்டினார்கள். ஒன்றும் இல்லை. சாயங்காலம் மின் ஊழியர் வீட்டுக்கு வந்தார்கள். சாக்குகளைக் கொட்டிக் காட்டியதும் அதிகாரியின் கண் விரிந்தது.

"பிரமாதம் சார். இதெல்லாம் எங்க கெடந்துது?"

"அந்த மேட்டுலதான்."

"மேட்டுல எந்தப் பக்கம்? எது எதோட சேந்து கெடந்துது?"

அவர் கையை வட்டமாக வீசினார்.

"அங்க ஒண்ணுகூட விட்டுவைக்கலியா?"

"விடுவேனா மேடம்?"

பெருமையாகச் சொல்லிவிட்டார். சொன்னபிறகுதான் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார்.

"அடியில எதுவும் இல்ல சார். உழவுல எல்லாம் மேல வந்துடுச்சு. மேல வந்தது பூரா உங்க கட்டிலுக்கடியில இருக்கு. கட்டிலப் பாதுகாக்கணும்னு நான் எழுத முடியுமா?" கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் சுருக்கென்றது.

அவர்கள் போனபின் மனைவி கேட்டாள்: "கொண்டுபோய்த் திரும்பக் கொட்டிட்டா என்ன?"

"அந்தம்மாதான் எல்லாத்தயும் பாத்தாச்சே. கழுவின கல்லு மண்ணு ஒட்டாம படுத்திருந்தா சின்னப் புள்ளகூடக் கண்டுபிடிச்சிரும்."

தடை நீங்கியது. மேடு வெட்டும் அன்றைக்குப் பக்கத்துப் பம்ப்செட்டில் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. ஒதுங்கிப் போகப் பார்த்தவரை அத்தான் தோளில் கைபோட்டுக் கம்பெனிக்காரர்கள் முன் நிறுத்தினார்.

"இவரு என் மச்சான். இருபது வருஷமா கூலி வாங்காம என் நெலத்தச் சுத்தம் பண்ணிக் குடுத்தவரு. நாலு கல்ல விட்டுவச்சிருந்தார்னா எனக்கு நெலமே போயிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். தள்ளி நின்ற அக்காவும் சிரித்தாள்.

இயந்திரம் மேட்டைக் கடித்து எடுத்தது. வெட்டிய பக்கத்தை அவர் கண் தானாகத் தேடியது. மேலிருந்து கீழ்வரை வெறும் களிமண். பேருக்குக்கூட ஒரு கல் இல்லை. அத்தான் சொன்னது வாஸ்தவம். வேலை சுத்தமாகத்தான் இருந்தது.