பட்டரவாக்கத்தில் நிற்காத வண்டி

அமெரிக்க இலக்கியம் ஆவடியில் தொடங்கி சென்ட்ரலில் முடிகிறது. பி.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படித்தபோது அதை நான் அப்படித்தான் மனப்பாடம் செய்திருந்தேன். காலை வேக வண்டியில், பெண்கள் பெட்டியில், என்னோடு வந்த நான்கு பேருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஆவடியில் வண்டி கிளம்பும்போது கடலைக் கடந்து வந்த பக்திமான்கள் ஏறுவார்கள். சிரிப்பதும் பாவம் என்று பிரசங்கம் எழுதியவர்கள். அம்பத்தூரில் மரத்திலும் மழையிலும் கடவுளைக் கண்டவர்கள். அந்த இயக்கத்தின் பெயர் டிரான்ஸெண்டென்டலிசம். அதை ஒருவர் தடுமாறாமல் சொல்லி முடிப்பதற்குள் எஸ்டேட் தொழிற்சாலைகளின் கூரைகள் பின்னால் போயிருக்கும். வில்லிவாக்கத்தில் முதல் உலகப் போர் முடிந்து, எதிலும் நம்பிக்கை போனவர்கள் ஏறுவார்கள். பெரம்பூரில் கறுப்பின எழுத்தாளர்களின் மறுமலர்ச்சி. பேசின் பிரிட்ஜில் வண்டி எப்படியும் சிக்னலுக்காகக் காத்துக் கிடக்கும் என்பதால், ஊர் ஊராகச் சுற்றி எழுதிய நாடோடிக் கவிஞர்களை அங்கே வைத்திருந்தேன். சென்ட்ரலில் இன்றைய எழுத்தாளர்கள்.

இதை நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை. ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்ததில்லை. அப்பா இரண்டாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவர். நிலம் மனைகளான பிறகு எஸ்டேட்டில் ஒரு சிறிய லேத் பட்டறையில் சேர்ந்தார். அம்மா கைநாட்டு. நான் துறையிலேயே முதல் மதிப்பெண். அமெரிக்க இலக்கியம் எடுத்துக்கொண்டிருந்த மேடம் பிரசவ விடுப்பில் போய், அவருக்குப் பதிலாக யாரும் வராமலே தேர்வு நெருங்கியபோது, அந்தப் பாடத்துக்கு நான்தான் மேடம் என்று ரயில் தோழிகள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு கைடு. அம்பத்தூரில் இருந்த சீனியர் அக்கா ஒருத்தி படிப்பு முடித்ததும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அமெரிக்க எழுத்தாளர் ஒருவரின் ஒரு புத்தகத்தைக்கூட நாங்கள் யாரும் கையால் தொட்டதில்லை. கைடு போதும் என்றுதான் எல்லோரும் படித்தார்கள், தேறினார்கள். அந்தக் கைடுக்குப் பழுப்பு அட்டை போட்டு, அதிலிருந்து என் கையெழுத்தில் நோட்ஸ் எழுதிக் கொடுப்பேன். கைடை மட்டும் யார் கையிலும் தரமாட்டேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு அடுத்தது நூற்றுப் பதிமூன்றாம் பக்கம். நடுவில் எட்டுத் தாள்கள் இல்லை. பைண்டிங்கில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விட்டுப்போனதில் என்ன இருந்தது என்று தேடிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பக்கங்கள் இல்லாமலும் அமெரிக்கா எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தோழிகள் நால்வரில் ஒருத்திக்குத்தான் அது ஓடவில்லை. பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தவள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவளுக்கு அந்த ஆண்டு ஒரு கத்தி தலைக்கு மேல் தொங்கியது. எல்லாப் பேப்பரும் ஒரே தடவையில் தேறினால் பி.எட். சேர்ப்பதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். ஒன்று போனாலும் ஊருக்கு அனுப்பி அத்தை மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அத்தை மகனின் போட்டோவை ஒருமுறை காட்டினாள். அதில் அவனைவிட அவனுடைய மோட்டார் சைக்கிள் பெரிதாக விழுந்திருந்தது.

ஒருநாள் பெரம்பூர் தாண்டியதும் அவள் நோட்ஸிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏட்டி, மறுமலர்ச்சின்னு எழுதியிருக்கே. அப்ப முன்னால ஒருக்க என்னமோ இருந்திருக்கணும்லா? இவுகல்லாம் திடீர்னு பெரம்பூர்ல வந்து ஏறுதாகளே, அதுக்கு முன்னாடி எங்கன இருந்தாக?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்தான் ஆகியிருக்கும். மற்ற மூவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது சிலபஸ்ல இல்ல" என்றேன். "நம்ம வண்டி பட்டரவாக்கத்துல நிக்குதா? கொரட்டூர்ல நிக்குதா? நிக்காத ஸ்டேஷனப் பத்தி உனக்கு ஏன் கவல?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி, "மேடம் சொன்னா சரியாத்தான் கீது" என்றாள். குவார்ட்டர்ஸ்காரியும் சிரித்துவிட்டு, என் கண் முன்னாலேயே, அந்த வரிக்குப் பக்கத்தில் 'சிலபஸ் இல்லை' என்று பென்சிலால் எழுதிக்கொண்டாள்.

தேர்வு விடுமுறை வந்தது. அமெரிக்க இலக்கியத்துக்கு இரண்டு நாள் இருந்தது. அன்று அப்பா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருந்தார். தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனேன். பட்டறையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது எதிரே சீனியர் அக்கா வந்தாள். ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, கைடு யூஸ் ஆச்சா?"

"ஆச்சுக்கா. நடுவுலதான் கொஞ்சம் பக்கம் இல்ல. பைண்டிங்ல விட்டுட்டான்போல."

அக்கா நடுத்தெருவில் நின்று சிரித்தாள். "பைண்டிங்கா? நான்தான்டி பிளேடு போட்டு எட்த்தேன். பிட்டு! வருஷா வருஷம் பதினஞ்சு மார்க் அதுலேர்ந்துதான் வரும். அதில்லாம நீ இன்னாத்தப் படிச்சே இவ்ளோ நாளா?"

அந்த வெயிலில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"சிலபஸ்ல இருக்கா அது?" என்றேன்.

"அதுதான்டி சிலபஸ்சே!"

பக்கத்துத் தெருவில்தான் அவள் வீடு. பழைய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எட்டாக மடித்த தாள்களை எடுத்துக் கொடுத்தாள். "ஹால்ல சூப்பர்வைசரம்மா ரவுண்டு வந்துகினே இருந்துச்சு. பயத்துல வெளிய எடுக்கவேயில்ல. வேஸ்ட்டு" என்றாள். மடிப்புகளில் எழுத்து வெளுத்திருந்தது. மற்றபடி எல்லாம் இருந்தது.

அம்பத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். கடைசித் தாள்களில் உள்நாட்டுப் போருக்குப் பிறகு வந்தவர்கள் இருந்தார்கள். ஆற்றங்கரை ஊர்களையும் சுரங்கத்தையும் இறைச்சிக் கூடத்தையும், இருப்பதை இருப்பதுபோல எழுதியவர்கள். அதையெல்லாம் நான் பிறகு வண்டியில்தான் படித்தேன். முதல் நான்கு தாள்களைத் தாண்ட முடியவில்லை. அவை அடிமைகளாக இருந்தவர்கள் எழுதிய தன்வரலாறுகளைப் பற்றியவை.

அமெரிக்காவில் அடிமைகள் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு வரியாகத் தெரியும். அவர்கள் எழுதினார்கள் என்று தெரியாது. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம் என்று தெரியாது. அங்கே எழுத்து ஒரு திருட்டுப் பொருள்போல இருந்திருக்கிறது. ஒளிந்து கற்றுக்கொண்டு, தப்பி ஓடி, பிறகு தன் கதையை எழுதியிருக்கிறார்கள். எழுதினாலும் நம்ப ஆளில்லை. அதனால் புத்தகத்தின் முகப்பிலேயே 'இவரே எழுதியது' என்று அச்சிட வேண்டியிருந்தது. உள்ளே வெள்ளைக்காரக் கனவான் ஒருவர், ஆமாம், இவரை எனக்குத் தெரியும், இது பொய்யல்ல என்று கடிதம் தரவேண்டியிருந்தது.

என் மதிப்பெண் பட்டியல் நகலில் ஒரு கெஜட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்துக்காக அப்பா மூன்று நாள் சம்பளத்தை விட்டு, வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது. நான் வாங்கிய மார்க்கை நான்தான் வாங்கினேன் என்று வேறொருவர் சொல்ல வேண்டும். ஆனால் அது மார்க்குக்கு. இங்கே ஒருவர் தன் முதுகில் விழுந்த அடிக்கே அட்டெஸ்டேஷன் வாங்கியிருக்கிறார்.

இரண்டு வண்டிகள் வந்து போயின. நான் ஏறவில்லை.

இதைத்தான் நிற்காத ஸ்டேஷன் என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து படித்துத் தமிழில் சொன்னேன். எழுத்துச் சொல்லித் தந்தால் தண்டனை, அப்படி ஒரு சட்டம் என்றேன்.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுக்குப் போயி ஒரு சட்டமா போட்டானுங்கோ? எனக்கெல்லாம் யாரு சட்டம் போட்டா? கையில நாத்துக் கட்டக் குட்தாங்கோ, சேத்துல எறங்குனேன். அவ்ளோதான், முட்ஞ்சிச்சி."

சொல்லிவிட்டு உருவிய காம்பை முறத்துக்கு வெளியே போட்டாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இருபது வருஷம் அவளோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். நீ ஏன் படிக்கவில்லை என்று ஒருமுறையும் கேட்டதில்லை. வீட்டின் முதல் படிப்பாளி என்று என்னைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், படிக்காத இவர்களை என் பெருமைக்குப் பீடமாகத்தான் வைத்திருந்தேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

குவார்ட்டர்ஸ் வரை நடக்க அரைமணி நேரம். வழி முழுக்க இரண்டு பொய்களைத் தயார் செய்தேன். ஒன்று: சிலபஸ் இப்போதுதான் மாறியது. இன்னொன்று: இந்தத் தாள் இன்றுதான் தபாலில் வந்தது. குவார்ட்டர்ஸின் வரிசை வீடுகளுக்குள் நுழைந்தபோதும் எதைச் சொல்வது என்று முடிவாகவில்லை. அவள் வாசல் படியில் உட்கார்ந்து என் நோட்ஸைப் படித்துக்கொண்டிருந்தாள். என் கையெழுத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டிருந்தாள். ஒவ்வொரு வரிக்கும். அதைப் பார்த்ததும் இரண்டு பொய்யும் போய்விட்டன.

"நான் சொன்னது தப்பு" என்றேன். "கைடுல பக்கம் இல்ல. எனக்கு முதல்லயே தெரியும். தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

தாள்களை நீட்டினேன். வாங்கிப் பிரித்தாள். படிக்கப் படிக்க அவள் முகத்தில் நிறம் இறங்கியது.

"நான் கேட்டேனா இல்லியா?"

"கேட்ட."

"நீ என்ன சொன்ன?"

"வண்டி நிக்காதுன்னு."

"வண்டிதான் நிக்காது, ஸ்டேஷன் உண்டுன்னு தெரிஞ்சிருந்தா முந்தியே எறங்கி நடந்திருப்பேன்லா. ஸ்டேஷனே இல்லங்குத மாதிரில்லா சொன்ன." குரல் உயரவில்லை. "ஒனக்கு ஒரு மார்க்கு கொறஞ்சா ரேங்க் போவும். எனக்கு?"

உள்ளேயிருந்து அவள் அம்மா, "யாரு வந்திருக்கா? காப்பி போடவா?" என்று கேட்டார்.

"வேண்டாம்மா, அவ கெளம்பிட்டா" என்றாள்.

தாள்களை நான் திருப்பிக் கேட்கவில்லை. அது ஒரே பிரதி. எனக்கும் மறுநாள் முழுக்க அதைப் படிக்க வேண்டியிருந்தது. துறையின் முதல் மாணவி என்ற எண்ணம் தெருமுனை வரை என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. திரும்பிப் போகவில்லை. மறுநாள், ஒரே தடவை படித்ததை வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். மற்ற மூவர் வீட்டுக்கும் போய், நினைவில் இருந்ததைச் சொன்னேன். ஒருத்தி, "இன்னா மேடம், நாளிக்கி எக்ஸாம், இன்னிக்கி வந்து புது ஸ்டேஷன் கட்றே!" என்றாள். திட்டினாள், எழுதியும் கொண்டாள்.

கேள்வி வந்தது. பதினைந்து மதிப்பெண். நான் இரண்டரைப் பக்கம் எழுதினேன். மூன்று வரிசை முன்னால் குவார்ட்டர்ஸ்காரி கூடுதல் தாள் கேட்டு எழுந்து நின்றாள்.

திரும்பும்போது வேக வண்டியை விட்டுவிட்டோம். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டி. பெட்டியில் இடம் இருந்தும் அவள் எனக்கு எதிரே உட்காராமல் ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். வில்லிவாக்கம் தாண்டியது. கொரட்டூரில் வண்டி நின்றது. பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இதுல யாரு?"

"சுரங்கம், இறைச்சிக் கூடம். இருக்கறத அப்படியே எழுதினவங்க."

தலையை ஆட்டினாள். அடுத்து பட்டரவாக்கம். ஒரே ஒரு அம்மாள் காய்கறிக் கூடையோடு ஏறினாள்.

"இதுல?"

சொன்னேன். பாதியில் நிறுத்தி, "அவுக பேரையும் சேத்துச் சொல்லு" என்றாள். தாளில் நான்கு பேர் இருந்தார்கள். எனக்கு இரண்டு பேர்தான் நினைவிருந்தது. மீதி இரண்டை அவள் சொன்னாள். வண்டி கிளம்பியது.

ரிசல்ட் வந்தபோது அவள் எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். பி.எட். சேர்ந்தாள். மோட்டார் சைக்கிள்காரனுக்கு வேறு பெண் பார்த்தார்கள். அமெரிக்க இலக்கியத்தில் என்னைவிட ஆறு மதிப்பெண் அதிகம் அவளுக்கு. கல்லூரி நோட்டீஸ் போர்டில் அதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரலை வைத்து வரிசையை இன்னொரு முறை சரிபார்த்தேன். பின்னால் நின்றிருந்த அவள் என் விரலை நகர்த்திவிட்டுச் சொன்னாள்:

"சரியாத்தான் பாத்திருக்கே. அது என் நம்பர்தான்."