ரோபோவா லேப்ராஸ்கோப்பியா: பேச்சியம்மன் கொடுத்த பூ

போன ஆவணியில் எனக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தது. மூன்று மாதமாக ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து நானே மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். குழாய் விட்டுப் பார்த்த கே.கே. நகர் டாக்டர் புற்றுநோய் என்றார். பரவவில்லை, வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார். அன்றைக்கு எப்படி வண்டி ஓட்டி வீட்டுக்கு வந்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

ஆரப்பாளையத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டேன். அந்தப் புத்திதான் என்னைப் படுத்தியது. டாக்டர் சொன்னது லேப்ராஸ்கோப்பி. வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை விட்டு, திரையைப் பார்த்தபடி நீளக் கருவிகளைக் கையால் பிடித்துச் செய்வது. இன்னொரு ஆஸ்பத்திரியில் ரோபோ இருந்தது. அதிலும் துளைகள்தான், ஆனால் கருவிகளை இயந்திரக் கைகள் பிடித்திருக்கும், டாக்டர் தள்ளி உட்கார்ந்து அவற்றை இயக்குவார். மனிதக் கை நடுங்கும், மெஷின் நடுங்காது என்று என் மனதில் விழுந்துவிட்டது.

பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான்கு டாக்டர்களைப் பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். காயில் சுற்றும்போது கணக்கு விட்டுப்போகும். ஐந்து வாரம் ஓடிவிட்டது. என் மனைவி செல்வி எல்லா இடத்துக்கும் கூடவே வந்தாள். கடைசியில் பழைய டாக்டரிடமே போய் நின்றோம்.

"கட்டி அடியில மலக்குடல்ல இருந்தா, அது இடுக்கான இடம், நானே ரோபோவை யோசிப்பேன். உங்களுக்கு மேல இருக்கு. ரெண்டுல எதுல செஞ்சாலும் சரிதான். நாளைக் கடத்துறதுதான் தப்பு" என்றார்.

எனக்கு அது போதவில்லை. குலசாமியிடம் பூக்கட்டிக் கேட்பது என்று முடிவெடுத்தேன். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசுவதிலிருந்து போர் போடுவது வரை அப்படித்தான். டி. கல்லுப்பட்டி தாண்டி, கரிசல்காட்டில் இருக்கும் பேச்சியம்மன் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போனோம். சிவப்பு அரளி வந்தால் ரோபோ, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் லேப்ராஸ்கோப்பி. செல்வி வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். பூசாரி அம்மன் காலடியில் உருட்டிவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டுவிட்டேன். வந்த வாக்கை மறுபடி கேட்பது பெரிய பிழை. பூசாரிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"உங்களுக்குப் பிடிச்சது வர்ற வரைக்கும் எடுக்கணுமாண்ணே? அதுக்கு ஆத்தா எதுக்கு?"

வெட்கமாகப் போய்விட்டது. அங்கேயே தரையில் விழுந்து அழுதேன். பிள்ளைகள் கரையேறும்வரை என்னை விட்டுவை தாயே என்று மட்டும் வேண்டினேன்.

அடுத்த வாரமே ஆபரேஷன் நடந்தது. அதற்கப்புறம் வேறு தவிப்பு. குடலை வெட்டி இணைத்த இடம் கசியக் கூடாது. காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று நம்பலாம். இரண்டு நாளாக இல்லை. வயிறு உப்பிக்கொண்டே வந்தது. ரோபோவிலேயே செய்திருக்கலாமோ என்று புத்தி பழைய இடத்துக்கே போனது. பேச்சியம்மா, ஒரே ஒரு தடவை பிரியட்டும் என்று கெஞ்சினேன். இப்படியொரு வேண்டுதலை அவள் முன்பு கேட்டிருப்பாளோ என்னவோ. மூன்றாம் நாள் காலையில் வார்டே திரும்பிப் பார்க்கும்படி பிரிந்தது. செல்வி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

நோய் முழுவதும் எடுபட்டுவிட்டது என்று சோதனை முடிவும் வந்தது. தை மாதம் பொங்கல் வைக்கப் போனோம். பஸ்ஸில் செல்வி மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வச்சேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாமி காரியத்திலேயே கள்ளமா என்றேன்.

"ரோபோவுக்கு இன்னும் ஒரு மாசம் ஆகும்னாக. நம்ம டாக்டரு மறுவாரமே நாள் கொடுத்தாரு. நீங்க ஆத்தாகிட்ட மெஷினைக் கேட்டீக. நான் உங்களைக் கேட்டேன்."

கோயில் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். சந்நிதியில் நின்றபோதுதான் கோபம் கரைந்தது. நான் கேட்டது பூ. அம்மன் கொடுத்தது, செல்வி கேட்டதை. ஐந்து வாரமாக என் பக்கத்திலேயே நின்ற பதிலை நான்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னைப் போல உள்ளுக்குள் அல்லாடிக்கொண்டிருக்கும் சொந்தங்களே, டாக்டர் நாள் குறித்தால் ஆத்தாளை நம்பிப் போய்ப் படுங்கள். பூக்கட்டிக் கேட்காமல் மனம் ஆறாது என்றால் கேளுங்கள். பொட்டலத்தை மட்டும், உங்கள் மேல் உயிரை வைத்திருப்பவள் கையில் கொடுங்கள்.