ஒருவர் விட்டு ஒருவர்

ரத்த வங்கியின் பதிவு மேசைக்காரன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று சக ஊழியர்கள் கேலி பேசுவார்கள். ஏழு வருடமாக அதே மேசை. ஆட்களோடு பேசக் கூச்சம் என்பதாலேயே, தனக்குப் பதிலாகக் கொடையாளர்களுக்குத் தானே செய்தி அனுப்பிக் கூப்பிடும் ஒரு கணினி நிரல், ஒரு 'பாட்', எழுதினான். பெயர்கள் எல்லாம் அதில் ஒரே வரிசையாக நிற்கும். ரத்தம் கொடுத்து மூன்று மாதம் ஆகாதவர்களை நீக்கிவிட்டு, மிச்சப் பேருக்குச் செய்தி போக வேண்டும். நீக்குவதை மட்டும் இதுவரை கையால் செய்துவந்தான். அன்று காலைதான் அதையும் பாட்டிடம் விட்டான்.

அறுவை அரங்கில் ஒரு பெண்ணுக்கு அவசரமாக ரத்தம் வேண்டும் என்றார்கள். செய்தி பறந்தது. அரை மணியில் வாசல் பெஞ்சு நிறைந்தது.

நிமிர்ந்து பார்த்தான். பெஞ்சின் முனையில் அக்கா புருஷன். பக்கத்தில் அவருடைய லாரிப் பட்டறை ஆட்கள் இருவர். மூவருமே மூன்று வாரம் முன்புதான் கொடுத்தவர்கள். அக்கா புருஷன் அன்று வீட்டு வாசலிலேயே மயங்கி விழுந்தார்.

"மச்சான், நீங்க ஏன் வந்தீங்க?"

"நீதான மாப்ள கூப்பிட்ட." போனைக் காட்டினார்.

"மூணு மாசம் ஆகலையே."

"மெஷினை விட உனக்கு ஜாஸ்தி தெரியுமோ? கூப்பிட்டும் அசையாம உக்கார நான் என்ன உங்கக்காவா?"

"அடுத்தவங்க வாங்க" என்று உள்ளிருந்து நர்ஸ் குரல். மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டே போய்விட்டார். பாட் அழைத்த ஆளென்றால் நர்ஸ் பதிவேட்டைப் புரட்டுவதில்லை. அவன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

முனை காலியானதும் பெஞ்சில் எல்லோரும் ஓர் இடம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவனுக்குச் சுருக்கென்றது. பாட்டும் இப்படித்தான் முதல் இடத்தைக் காலி செய்திருக்கிறது. இரண்டாமவர் அங்கே நகர்ந்து வந்ததைக் கவனிக்காமல், நேரே இரண்டாம் இடத்தைப் பார்க்கப் போயிருக்கிறது. மச்சானும் பட்டறை ஆட்களுமாக ஆறு பேரும் அடுத்தடுத்துப் பதிந்தவர்கள், ஒரே நாளில் கொடுத்தவர்கள். ஒருவர் விட்டு ஒருவராக மூன்று பேர் நீங்காமல் தப்பிவிட்டார்கள்.

நாற்காலி பின்னால் சாய ஓடினான். மச்சானின் கையில் பட்டை கட்டியாகிவிட்டது. ஊசி நர்ஸின் விரல்களில்.

"எடுக்காதீங்க சிஸ்டர்." குரல் வராண்டா வரை கேட்டது. "பாட் தப்பாக் கூப்பிட்டிருச்சு... பாட் இல்ல, தப்பு என்னோடது."

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தார். "ஏழு வருஷமா நீ பேசிக் கேட்டதில்ல. பேசினதே இதுக்குத்தானா?"

"அப்ப உள்ள படுத்திருக்கிற பொண்ணுக்கு?" என்றார் மச்சான், எழுந்திருக்காமல்.

"உங்க பட்டறை ஆளுங்க போக பெஞ்சுல இன்னும் நாலு பேர் இருக்காங்க மச்சான். அவங்க கொடுக்கலாம். நீங்க எந்திரிங்க."

மேசைக்குத் திரும்பியவன் பாட்டைத் திருத்தினான். வரிசையின் வாலில் தொடங்கித் தலைக்கு வந்தால், நகர்பவர்கள் எல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஓட்டிப் பார்த்தான். ஆறு பெயரும் போயின. இருந்தும் மிச்சப் பெயர்களை விரல் வைத்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான். பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "உம்" கொட்டினார் நர்ஸ்.