மலைக்குப் போய்ச் சேராத என் மூன்று வரி

போன வருஷம் ஐப்பசி அடைமழை சமயம். கள்ளக்குறிச்சியில் கடைகளுக்குப் பில் போடும் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன் நான். வயது நாற்பத்தெட்டு. இருபது வருஷமாக நான் எழுதியதில் யாரும் குறை கண்டதில்லை. காரணம், யாரும் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

அப்பேர்ப்பட்ட எனக்கு ஒரு திறந்த மென்பொருளில் வேலை செய்ய ஆசை வந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம், திருத்தலாம், சம்பளம் மட்டும் கேட்கக் கூடாது. அதுதான் திறந்த மென்பொருள். நான் சேர்ந்தது மழை எச்சரிக்கை அனுப்புகிற ஒன்று. கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டிச் சில கிராமங்களில் மழைமானி வைத்து அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மழை ஓர் அளவைத் தாண்டினால், ஓடையில் இறங்க வேண்டாம் என்று ஊர்க்காரர்களின் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். ஆனால் இங்கிலீஷில் போகும். அதைத் தமிழாக்கிப் புண்ணியம் தேடலாம் என்று உட்கார்ந்தேன்.

என்ன எழுதினேன் தெரியுமா? 'அன்பார்ந்த மலைவாழ் பொதுமக்களுக்குப் பணிவான வணக்கம்' என்று ஆரம்பித்து மூன்று வரி. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போகிறவன்கூட அவ்வளவு மரியாதையாகப் பேசமாட்டான்.

திருத்தத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டியவர் ஒரு பெண்மணி. எந்த ஊரோ, முகம்கூடத் தெரியாது. பதினோரு கேள்வி கேட்டார். கடைசிக் கேள்வி: சிக்னல் குறைந்த இடத்தில், பட்டன் போனில் சோதித்தீர்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் புரோகிராம் எழுத ஆரம்பித்தபோது இந்த அம்மா பள்ளிக்கூடமே போயிருக்காது! என் மேஜை மேல் இருந்த என் பெரிய போனுக்கு அனுப்பினேன். வந்தது. 'சோதித்தேன்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். என் திருத்தம் உள்ளே போனது. ஆபீஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் மலையிலிருந்து புகார். மழைமானியைப் பார்த்துக்கொள்கிற சாமை விவசாயி ஒருவர், இப்போதெல்லாம் மெசேஜே வருவதில்லை என்று யார் மூலமாகவோ சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பெண்மணி என் திருத்தத்தின் கீழேயே அதைக் கொண்டுவந்து போட்டார். உலகமே பார்க்கிற பக்கம் அது! போன் கோளாறுக்கு நானா பொறுப்பு என்று நாலு வரி காட்டமாக எழுதிவிட்டு, நேரில் போய் நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

அந்த விவசாயி என்னைவிடப் பெரியவர். கரியாலூருக்கே வண்டி கொண்டுவந்து அழைத்துப் போனார். நாங்கள் அவர் வீட்டை அடைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சரியான சமயம் என்று சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரத்தில், எச்சரிக்கைப் பட்டியலில் நானே சேர்த்திருந்த என் போன் 'டிங்' என்றது.

"பாத்தீங்களாண்ணே? வந்துடுச்சி!" என்று குதித்தேன்.

அவர் தன் பட்டன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "உனுக்கு வந்துச்சி சார். மழ பெய்யறப்பல்லாம் உன் போனப் பாக்க நாங்க கள்ளக்குறிச்சி வரணுமா இன்னா?" என்றார். அடுத்த நொடி அவர் முகம் மாறியது. "எம் பொஞ்சாதி ஓடைக்கு அந்தாண்ட கள எடுக்கப் போயிருக்குது. அது கையிலயும் இதே போன்தான்."

அப்போதுதான் புரிந்தது. தமிழ் எழுத்து குறுஞ்செய்தியில் அதிக இடம் பிடிக்கும். என் பணிவான வணக்கம் மூன்று துண்டாக உடைந்து போயிருக்கிறது. மூன்றும் வந்து சேர்ந்தால்தான் அந்த போன் காட்டும். என் பெரிய போன் எப்படியோ மூன்றையும் பிடித்துவிட்டது; சிக்னல் வந்து வந்து போகிற மலையில் பட்டன் போனுக்கு ஒரு துண்டு தவறினாலும் போச்சு. பழைய இங்கிலீஷ் வரி ஒரே துண்டு!

அவர் ஓடினார். நானும் ஓடினேன் என்று சொல்லத்தான் ஆசை. பாதி தூரம் உட்கார்ந்த வாக்கில்தான் சறுக்கிப் போனேன். ஒரு செருப்பு எங்கேயோ போனது. 'ஐயோ, ஐயோ' என்று யாரோ கத்துவது கேட்டது. அது நான்தான். ஓடையில் செந்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி தலையில் புல்லுக்கட்டோடு முட்டியளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கணவர் போட்ட கூச்சலில் கட்டைப் போட்டுவிட்டுப் பின்வாங்கி அக்கரையிலேயே மேலே ஏறினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டு உருண்டு போய் மறைந்தது. நான் பக்கத்திலிருந்த ஈச்சஞ்செடியைக் கட்டிப்பிடித்தேன். முள் குத்தியது ராத்திரிதான் தெரிந்தது.

தண்ணீர் வடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை அந்த அம்மா அக்கரையில் மழையில் நனைந்துகொண்டே நின்றார். இக்கரை வந்ததும் கணவர் கத்தினார்: "தண்ணி செவந்துகினு வர்றது கண்ணு தெரில?"

"போன்தான் கத்தலியே! ரெண்டு வருசமா மழ ஜாஸ்தியானா அது கத்தும். கத்தலன்னா எறங்கலாம்னுதான எறங்கனேன்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இவுருதான் தமிழ்ல போட்டவரா? படிக்கத் தெரியலன்னாலும் அந்த இங்கிலீசு ஒழுங்கா வந்துச்சி சார்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் அந்தப் பெண்மணியின் பதினோரு கேள்வியும் தாலாட்டு.

அங்கேயே, சிக்னல் கிடைத்த பாறை மேல் ஒற்றைச் செருப்போடு ஏறி நின்று, அதே பக்கத்தில் எழுதினேன்: நான் சோதிக்கவில்லை, பொய்யாக டிக் போட்டேன், என் திருத்தத்தை உடனே எடுத்துவிடுங்கள். சில நிமிஷத்தில் அந்தப் பெண்மணி எடுத்துவிட்டார். "நன்றி. தமிழில் ஒரே துண்டில் அடங்கும்படி எழுதுவோமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போனது.

அடுத்த வாரம் 'மழை ஜாஸ்தி. ஓடையில் இறங்காதீங்க' என்று மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி மலை ஏறினேன். ஆறு வீட்டுப் பட்டன் போன்களில், சிக்னல் செத்துப் பிழைக்கிற மூலைகளில் எல்லாம் நின்று பார்த்தோம். ஆறும் கத்திய பிறகுதான் அந்தக் கட்டத்தில் கை வைத்தேன்.

கீழே ஊருக்குள் நாலு செல்போன் கோபுரத்தை வைத்துவிட்டு, மலைக்கு ஒன்றைக் காட்டுகிறவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. மேஜையை விட்டு எழாமல் அவர்களுக்கு நல்லது செய்யக் கிளம்பிய என் மீது அதைவிட அதிகம். இப்போதும் என் திருத்தத்தில் யாராவது கேள்வி கேட்டால் முதலில் சுர்ரென்றுதான் ஏறுகிறது; ஆனால் பதில் எழுதக் கை போவதற்குள், போன் கத்தவில்லை என்ற தைரியத்தில் செந்தண்ணீரில் கால் வைத்து நிற்கிற அந்த அம்மா கண் முன்னால் வந்துவிடுகிறார்.