முப்பத்திரண்டாவது பெற்றோர்

எங்கள் ஏழாம் வகுப்பின் பெற்றோர் குழுவில் முப்பத்தொரு பெற்றோர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பெற்றோர் இல்லை. எல்லாம் நாங்கள்தான்.

இதில் எங்கள் தப்பு பாதி, ஊரின் தப்பு பாதி. சாத்தூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் விடிந்ததும் கம்பெனி வண்டி வந்து நிற்கும். அம்மாக்கள் தூக்குவாளியோடு ஏறுவார்கள். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். அதனால் வீட்டுக்கு வீடு போன் சாமி படத்துக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கும். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நாலே கால் மணிக்கு அது எங்களுடையதாகிவிடும்.

அந்த வருடம் புதிதாக வந்த வகுப்பு டீச்சர், ஜூன் மாதமே பதினான்கு விதிகளை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டார். எவனோ ஒருத்தனின் அப்பா சிவகாசி பிரஸ்ஸில் இருந்ததால், பட்டாசு லேபிள் அடித்து வீணாய்ப்போன தாளின் பின்பக்கத்தில் அடித்துத் தந்திருந்தார். ஒரு பக்கம் 'திங்கள்கிழமை நகம் வெட்டியிருக்க வேண்டும்', 'இரட்டைச் சடை, கறுப்பு ரிப்பன்', 'விடுமுறைக் கடிதத்தில் உண்மையான காரணம்'. திருப்பினால் லேபிளின் பாதி ரோஜாப்பூ. ஒன்பதாம் விதிதான் வினையானது. தினமும் டீச்சர் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் போடுவார். பெற்றோர் அதைப் பார்த்து, பிள்ளை முடித்ததைச் சரிபார்த்து, இரவு எட்டு மணிக்குள் பதில் எழுத வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு எண்.

முதல் நாள் போனை அம்மாவிடம் நீட்டினேன். அப்போதுதான் கை கால் கழுவி அடுப்பில் உலை வைத்திருந்தாள்.

"எனக்கு இப்பத்தான் குறுக்கு வலி விட்டிருக்கு. நீயே போட்டு விடுடி. என்ன எழுதணுமோ எழுது."

இவ்வளவு பெரிய அதிகாரத்தை இவ்வளவு லேசாகத் தூக்கிக் கொடுத்தால் யார்தான் விடுவார்கள்? 'பார்த்துவிட்டேன் டீச்சர். என் மகள் அனைத்தையும் முடித்துவிட்டாள். அவள் மிகவும் பொறுப்பான பிள்ளை' என்று எழுதினேன். கணக்கில் பாதி பாக்கி இருந்தது.

மற்ற வீடுகளிலும் இதே கதைதான் என்று ஒரே வாரத்தில் தெரிந்துபோனது. என் சிநேகிதி செல்வராணியின் அம்மா, வீட்டுப்பாடத்துக்குக் கீழே பூனைக்குட்டி கண்ணடிக்கிற படம் போட்டார். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். பூனையைக் கண்டால் விளக்குமாற்றை எடுக்கிற ஆள். கூடப் படித்த மாரீஸ்வரனின் அப்பா, மூட்டை தூக்கித் தோள் காய்த்த மனுஷர், 'சூப்பர் மிஸ்' என்று எழுதினார். மறுநாள் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோமே தவிர, யாரும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அந்தக் குழு வெறும் விளையாட்டு அல்ல. பதினோராம் விதி என்று ஒன்று இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம்; வர முடியாதவர்கள் குழுவில் காரணம் எழுத வேண்டும். அம்மாவை அந்தக் கூட்டத்துக்கு வரவிடக் கூடாது என்பதுதான் அந்த வருடம் என்னுடைய ஒரே லட்சியம்.

காரணத்தைச் சொல்ல இப்போதும் நாக்கு கூசுகிறது. அம்மா புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் ரூமில் வேலை பார்த்தாள். அலுமினியப் பொடி கையெல்லாம் வெள்ளியாய் அப்பியிருக்கும். சோப்பு, தேங்காயெண்ணெய், சீயக்காய் எதற்கும் முழுசாய்ப் போகாது. ரேகையிலும் நகக்கண்ணிலும் தங்கிவிடும். ஜூனில் விதித் தாளுக்குக் கையெழுத்துப் போடக் கம்பெனியிலிருந்து நேராக வந்தவள், டீச்சரின் வெள்ளைப் பதிவேட்டில் நாலு விரலையும் பதித்துவிட்டுப் போனாள்.  பின்னால் நின்ற மாரீஸ்வரன் சொன்னான்.

"ஏலே, இங்கன பாருங்கலே! எவர்சில்வர் அம்மா!"

அவன் அம்மாவும் கம்பெனிக்காரிதான். ஆனால் காகிதக் குழாய் சுருட்டுகிற வேலை. கையில் பசை மட்டும்தான் ஒட்டும், கழுவினால் போய்விடும். எங்கள் வகுப்பில் மருந்து ரூம் அம்மா எனக்கு மட்டும்தான். அன்றிலிருந்து என் பெயர் எவர்சில்வர். ஒரு மாதம் அழுதேன். பிறகு அம்மாவின் பெயரில் காரணங்கள் எழுதத் தொடங்கினேன்.

ஜூலைக் கூட்டத்தன்று அம்மாவுக்குக் காய்ச்சல் வரவழைத்தேன். ஆகஸ்டில் கோவில்பட்டிப் பெரியப்பாவைச் சாகடித்தேன். செப்டம்பரில் மறுபடி அவரையே சாகடிக்கப் போய், கடைசி நிமிடத்தில் சுதாரித்துக்கொண்டு அவர் மாமியாரைப் போட்டேன். அப்பா லாரியில் லோடு ஏற்றி வடக்கே போனால் வரப் பத்து நாளாகும் என்பதால் அந்தப் பக்கம் கவலை இல்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முப்பத்திரண்டாவது எண் வந்து சேர்ந்தது.

பெயர் இல்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சூரியகாந்திப் பூ. டீச்சரே சேர்த்திருந்தார். இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு, மூன்றாம் நாள் எழுதியது: 'டீச்சர், பிள்ளைக மதியம் சோறு ஒழுங்கா சாப்பிடுதுகளா?'

 எங்களில் ஒருவருக்கும் இப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை. இது நிஜப் பெற்றோர்! முப்பத்தொரு பிள்ளைக்கு முப்பத்திரண்டு எண் எதற்கு?

மறுநாள் மதியம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூடினோம். டீச்சரின் இரண்டாவது நம்பர்தான், நம்மை வேவு பார்க்கிறார் என்றாள் செல்வராணி. தலைமையாசிரியர் என்றான் மாரீஸ்வரன். நான் மாரீஸ்வரனையே சந்தேகப்பட்டேன். எனக்குச் சந்தேகம் கூடப்பிறந்த குணம்; கடைக்காரர் தராசைத் துடைத்தால், ஏன் துடைக்கிறார் என்று நின்று பார்க்கிற ஆள் நான். டீச்சரிடம் நேரே கேட்கவும் வழியில்லை. 'உனக்கெப்படிக் குழுவில் நடப்பது தெரியும்?' என்று திருப்பிக் கேட்டால் முப்பத்தொரு பேரும் மாட்டுவோம். எண்ணை மட்டும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டோம். முடிவில் மூன்று ஏழு. சனிக்கிழமைப் பகலில் யார் வீட்டுப் போனிலிருந்தாவது அழைத்தால் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது.

அதன்பின் குழுவுக்கே மரியாதை வந்துவிட்டது. பூனைக்குட்டி காணாமல் போயிற்று. 'வணக்கம் ஆசிரியை அவர்களே' என்று ஆரம்பித்தோம். மாரீஸ்வரனின் அப்பா ஒருபடி மேலே போய், வீட்டுப்பாடத்துக்கு நடுவில் விருதுநகரில் மிளகாய் வத்தல் விலை இறங்கிவிட்டதைப் பற்றி வருத்தப்பட்டு எழுதினார்.

வீட்டிலும் ஒன்று சரியில்லாமல் பட்டது. அம்மா இராத்திரி எட்டரை வாக்கில், "அத்தை வீட்ல கருவேப்பிலை வாங்கிட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவாள். அத்தை, அப்பாவின் அக்கா. பின்தெருவில் இருந்தாள், அம்மா வேலை பார்க்கும் அதே ரூம்தான் அவளுக்கும். பிள்ளை இல்லை. மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். முகம் பார்த்துப் பேசலாமென்று அப்போதுதான் அவளுக்கு ஒரு போன் வாங்கி அனுப்பியிருந்தார். இங்கிருந்து குரல் கொடுத்தால் அங்கே கேட்கும் என்பதால் எங்கள் போனில் அவள் எண்ணே கிடையாது. அம்மா அரை மணி கழித்துத் திரும்புவாள். சில நாள் சிரித்த முகமாக வருவாள். கருவேப்பிலை பாதி நாள் இருக்காது. நான் கையைப் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அக்டோபர் வந்தது. டீச்சர் அம்மாவின் எண்ணைக் குறிப்பிட்டுக் குழுவிலேயே எழுதிவிட்டார்: 'அம்மா, மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. இந்த முறை கட்டாயம் வாருங்கள். முடியாவிட்டால் நான் வீட்டுக்கு வருகிறேன்.'

 காய்ச்சல், சாவு எதுவும் இனி எடுபடாது. மறுத்துப் பேச முடியாத காரணமாக ஒன்று வேண்டும். யோசித்து யோசித்து, கடைசியில் எழுதினேன்: 'டீச்சர், நான் மருந்து ரூமில் வேலை பார்க்கிறேன். என் கையெல்லாம் கறையாக இருக்கும். நாலு பேர் முன்னால் இந்தக் கையோடு வர எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னைக் கூப்பிட வேண்டாம். மன்னிக்கவும்.'

அனுப்பியதும் எனக்கே என் திறமையை நினைத்துப் பெருமையாக இருந்தது. டீச்சர் பதில் போடவில்லை. சூரியகாந்தியும் அதன்பின் வாய் திறக்கவில்லை. பிழைத்தோம் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் ஒரே பச்சை வாசம். கம்பெனியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட அம்மா சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அத்தை எதிரில் அமர்ந்து, அரைத்த மருதாணியை அவள் கையில் அப்பிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு வட்டம், விரல் நுனிக்குத் தொப்பி என்று வைப்பதுதானே வழக்கம்? இது அப்படியில்லை. உள்ளங்கை, ரேகை, விரலிடுக்கு, நகக்கண் என்று ஓர் இடம் விடாமல் பூசிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டேன்.

"ஏன், கல்யாணம்னாத்தான் வைக்கணுமா? நான் வச்சா ஆகாதோ?" என்றாள் அம்மா.

தீபாவளிக்கு இன்னும் நாளிருந்தது. ஊரில் கோயில் பொங்கல் இல்லை, சடங்கு இல்லை. அப்பாவும் ஊரில் இல்லை. கை வெந்துபோகிற வேலை பார்க்கிறவள் எதற்கு இப்படிச் சிங்காரிக்கிறாள்? எனக்கு என்னென்னவோ சந்தேகம் வந்தது. இராத்திரி கஞ்சியை அத்தைதான் அம்மாவுக்கு ஊட்டிவிட்டாள். 

காலையில் அம்மா நீலச் சேலை கட்டித் தயாராக நின்றாள்.

"வா, பள்ளிக்கூடத்துல கூட்டமாமே. கம்பெனில பெர்மிஷன் சொல்லிட்டேன்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"ரேஷன் கடையில சொன்னாக."

சீசன் நேரத்தில் பெர்மிஷன் கேட்டால் மேனேஜர் எரிந்து விழுவார் என்று எனக்குத் தெரியும். ரேஷன் கடை அந்த வாரம் திறக்கவே இல்லை என்றும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கூட்டத்தில் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தாள். பெயர் கூப்பிட்டதும் எழுந்துபோய், டீச்சரின் மேசைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்தாள். இரத்தச் சிவப்பு. துளி வெள்ளி தெரியவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. 'கறைக்கை, வர வெட்கம்' என்று எழுதினவள் நான்தானே, டீச்சர் இப்போது கேட்கப் போகிறார். டீச்சர் அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"கை ரொம்ப நல்லாச் செவந்திருக்கும்மா."

"பிள்ளைக்குப் பிடிக்கும்னு வச்சேன் டீச்சர்."

எனக்குப் பிடிக்கும் என்று நான் எப்போது சொன்னேன்? பின்னாலிருந்து மாரீஸ்வரன், "ஏலே, கல்யாணப் பொண்ணு வந்திருக்குலே" என்று கிசுகிசுத்தான். நாலு பேர் சிரித்தார்கள். எவர்சில்வர் போய் இது வந்ததா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். தாளில் ஒரு தடமும் விழவில்லை. அதைத் திரும்ப ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவளோடு சேர்ந்து நடக்காமல் பத்தடி முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். கூப்பிட்டாள், காது கேட்காத மாதிரி போனேன். அன்று சாயங்காலம் சூரியகாந்தி எழுதியது: 'கூட்டம் நல்லபடியா இருந்துச்சு. நன்றி டீச்சர்.' எழுதிவிட்டுக் குழுவைவிட்டு வெளியேறிவிட்டது. வேவுகாரி ஒழிந்தாள் என்று திங்கட்கிழமை தண்ணீர்த் தொட்டியடியில் ஆளுக்கொரு கடலைமிட்டாய் தின்றோம்.

போன மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். இப்போது நான் மதுரையில் வேலை பார்க்கிறேன். அத்தை தன் போனுக்கு ரீசார்ஜ் பண்ணிவிடச் சொன்னாள். எண்ணைச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் என் வாய் தானாகவே மீதியைச் சொல்லி முடித்தது. மூன்று ஏழு.

"ஒனக்கு எப்படித்தா தெரியும்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சிரித்தாள்.

"டீச்சரு ஒங்கம்மாவ பஸ்ஸுல பாத்து, குரூப்புல அழகா எழுதுறீகம்மான்னு சொல்லுச்சாம். இவ முழிச்சிருக்கா. ஒங்க போனு எப்பவும் ஒங் கையிலயே இருக்கும்ல, அதான் ஒன்னையக் கையும் களவுமாப் பிடிக்க எம் நம்பரச் சேக்கச் சொல்லி டீச்சருட்டக் கேட்டா. அப்புறம் பிடிக்கவே மனசு வரல. தெனமும் வந்து, நீ அவ பேர்ல எழுதுன அம்புட்டையும் வாசிப்பா. பொறுப்பான பிள்ளையாம்ல, பாருங்க மதினின்னு சிரியாச் சிரிப்பா. நீ சாகடிச்ச பெரியப்பனுக்கு டீச்சரு பஸ்ஸுல துக்கம் கேட்டதச் சொல்லி அன்னைக்கு என்ன சிரிப்பு! ஒரே ஒரு நாளுதான் சிரிக்கல. அதையே திரும்பத் திரும்ப வாசிச்சா. போன எங்கிட்டக் குடுத்தா. அப்புறம், மதினி, நம்ம கெணத்தடி மருதாணில எல நெறைய இருக்கான்னு கேட்டா."

அடுக்களையில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கம்பெனிக்குப் போவதை நிறுத்தி மூன்று வருடமாகிறது. நகக்கண்ணில் மட்டும் இன்னும் லேசாக மினுங்கும். வெட்கமாக இருக்கிறது என்று நான் எழுதியதைப் படித்தவுடனேயே அது யாருடைய வெட்கம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் அன்று ஒன்றும் தெரியவில்லை. இரண்டு சிவந்த கையோடு அவள் பின்னால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நான் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.